காணியும் சட்டமும்: மண்ணுக்குக் கீழே கிடப்பதற்குக் கையெழுத்துக் கேட்டால்

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான்கு, நிலத்துக்குக் கீழே கிடப்பதைப் பற்றியவை. வழமையான சீதன உறுதி, வேலிப் பிணக்கு, பங்குக் கிணறு எல்லாவற்றையும் அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். புதிய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: சுன்னாகத்தில் நொத்தாரிசாக இருந்த என் தகப்பனாரிடம் உறுதி எழுதப் பழகியவள் நான். திருமணத்தின் பின் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போனேன். அங்கே எரிவாயுக் குத்தகை அலை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில், பிராட்ஃபோர்ட் கவுண்டி (மாவட்டம்) நீதிமன்றப் பதிவறையில் காணி உரித்துத் தேடும் வேலை பார்த்தேன். முதல் கடிதத்துக்கு இவ்வளவு நீளமான பதில் வருவதற்கு அதுவே காரணம்.

*

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, என் மூத்த அண்ணர் பென்சில்வேனியாவில் பொறியியலாளராக இருந்து, ஓய்வுபெற்ற பின் பிராட்ஃபோர்ட் கவுண்டியில் 40 ஏக்கர் காணி வாங்கியிருந்தார். பிள்ளைகள் இல்லை. சில மாதங்களுக்கு முன் காலமானார். மரணசாதனத்தில் காணியை எனக்கே எழுதியிருக்கிறார். இப்போது ஓர் எரிவாயு நிறுவனத்தின் முகவர் கடிதம் அனுப்பியிருக்கிறார். ஐந்து ஆண்டுக் குத்தகை, ஏக்கருக்கு 1,000 டொலர் முற்பணம், வாயுவில் எட்டில் ஒரு பங்கு என்கிறார். பத்து நாளுக்குள் கையெழுத்து வைத்து அனுப்ப வேண்டுமாம். சுற்றுக் காணிக்காரர் எல்லோரும் வைத்துவிட்டார்களாம். கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவர், அற்றோர்ணித் தத்துவத்தைத் தன் பெயருக்குத் தந்தால் எல்லாவற்றையும் தான் பார்ப்பதாகச் சொல்கிறார். தேசவழமைப்படி என் கணவரின் சம்மதமும் தேவையா? அண்ணர் ஆசையாக வைத்த அப்பிள் மரங்களைத் தறித்துவிடுவார்களா?
– வாசகி, கரவெட்டி

பதில்: தங்கச்சி, அண்ணரின் இழப்புக்கு என் அனுதாபங்கள். முதல் வேலையாக, அந்தப் பத்து நாளை மறந்துவிடுங்கள். உங்கள் காணிக்குக் கீழே மார்செல்லஸ் என்ற களிப்பாறைப் படை இருக்கிறது. அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 39 கோடி ஆண்டு. அதில் அடைபட்டிருக்கும் வாயுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே கிடக்கிறது. பத்து நாள் என்பது முகவருக்கு அவருடைய நிறுவனம் வைத்த கெடு. அதற்காக நீங்கள் ஓட வேண்டியதில்லை.

நான் வேலை செய்த காலத்தில் இந்த அவசரத்தை நாள்தோறும் பார்த்தேன். மார்செல்லஸில் முதலாவது வெற்றிகரமான வாயுக் கிணறு 2004இல் பென்சில்வேனியாவின் தென்மேற்கு மூலையில், வாஷிங்டன் கவுண்டியில் உருவானது. விடயம் பரவுவதற்கு முன்பே முகவர்கள் வடகிழக்கு மூலையிலிருந்த பால்பண்ணைக்காரரின் வீட்டுப் படியேறிவிட்டார்கள். ஏக்கருக்கு 25 டொலருக்குக் கையெழுத்து வைத்தவர்கள் உண்டு. இரண்டு மூன்று ஆண்டு பொறுத்தவர்களுக்கு அதே மண்ணுக்கு ஆயிரக்கணக்கில் கிடைத்தது. முன்னையவருக்குத் தெரியவே வழி இருக்கவில்லை. ஏனென்றால் பதிவகத்துக்குப் போவது குத்தகையின் ஒரு பக்கச் சுருக்கம் மட்டும். அதில் பெயரும் எல்லையும் காலமும் இருக்கும். முற்பணமோ பங்கோ இராது. பக்கத்துக் காணிக்காரர் எவ்வளவு வாங்கினார் என்பதை அவரிடமே கேட்டால்தான் உண்டு. ஆகவே கேளுங்கள். அண்ணரின் அயலவர்களுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்களில் சிலர் ஒரு குழுவாகச் சேர்ந்து பேரம் பேசியிருக்கவும் கூடும். அந்தப் பகுதியில் அப்படிப் பல குழுக்கள் இருந்தன.

அடுத்தது உரித்து. எங்கள் ஊர் உறுதியில் நிலம், பனை, தென்னை, கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். அமெரிக்காவில் இன்னுமொரு பிரிப்பு இருக்கிறது: மேல்நிலத்தை ஒருவருக்கு விற்று, கீழே இருப்பதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பிரிந்தால் கீழ்ப்பகுதிக்காரர் தன்னுடையதை எடுப்பதற்குத் தேவையான அளவு மேல்நிலத்தைப் பாவிக்கவும் உரிமை உண்டு. அண்ணரின் உறுதி அவர் வாங்கிய மேல்நிலத்தைச் சொல்லும். கீழே உள்ளது அவருக்கு வந்ததா என்பதைப் பழைய உறுதிகள்தான் சொல்லும்.

அந்தத் தேடல் எப்படி நடக்கும் என்று சொல்கிறேன். கவுண்டியின் தலைநகர் டொவாண்டா, சஸ்குவஹன்னா ஆற்றங்கரையில் இருக்கிறது. நீதிமன்றப் பதிவறையில் சரிவான நீண்ட மேசைகள். அவற்றின் மேல், தூக்கினால் மணிக்கட்டு நோகும் உறுதிப் புத்தகங்கள். 2009, 2010 காலத்தில் காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும். இன்றைய உரிமையாளரின் பெயரில் தொடங்கி, அவருக்கு விற்றவர், அவருக்கு விற்றவர் என்று பின்னோக்கிப் போக வேண்டும். 1880களின் கைச்சாய்வெழுத்தில், மை மங்கிய ஓர் உறுதியின் கடைசிப் பந்தியில், எல்லை விவரமெல்லாம் முடிந்த பிறகு, ஒரேயொரு வரி கிடக்கும்: கனிமங்களை விற்பவர் தனக்கும் தன் வாரிசுகளுக்கும் ஒதுக்கி வைத்துக்கொள்கிறார் என்று. நான்கு தலைமுறையாக உழுத குடும்பத்துக்கு அந்த வரி இருப்பதே தெரியாது.

அப்படி ஒரு வரி இருந்தாலும் நம்பிக்கையை விட்டுவிட வேண்டாம். பென்சில்வேனியாவில் 1882ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, உறுதியில் ‘கனிமம்’ என்று பொதுவாக ஒதுக்கினால் எண்ணெய் அதில் அடங்காது என்று கொண்டது. களிப்பாறை வாயுவுக்கும் அதுவே பொருந்தும் என்று 2013இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. எண்ணெய், வாயு என்று பெயர் சொல்லி ஒதுக்கியிருந்தால்தான் சிக்கல். இதைத் தேடுவதற்கு அந்தக் கவுண்டியிலேயே எண்ணெய், வாயுக் குத்தகையில் பழகிய சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். நியூ யோர்க்கிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் எங்கள் ஆட்கள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இதற்கு உதவார்கள். குத்தகைப் படிவத்தில் உரித்துக்கு நீங்களே பொறுப்பு என்று ஒரு பிரிவு இருக்கும். அதை வெட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பிற்காலத்தில் உரித்துப் பிழைத்தால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

தேசவழமை பற்றிக் கேட்டீர்கள். அது யாழ்ப்பாணத் தமிழருக்கான எங்கள் வழமைச் சட்டம், இலங்கைக்குள் இருக்கும் காணியைத்தான் ஆளும். இங்கே நீங்கள் ஒரு காணியை விற்க, ஈடு வைக்கக் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். பென்சில்வேனியாக் காணிக்கு அந்த மாநிலத்தின் சட்டம். கணவரின் கையெழுத்தைக் கேட்கிறார்களா என்பதை அங்குள்ள சட்டத்தரணி சொல்வார். அதைவிட அவசரமானது மரணவழி வரி. சகோதரருக்குப் போகும் சொத்துக்கு அந்த மாநிலம் 12 சதவீதம் அறவிடுகிறது. மரணத்திலிருந்து ஒன்பது மாதத்துக்குள் கட்ட வேண்டும். மரணசாதனத்தை அங்கே பதிந்து காணி உங்கள் பெயருக்கு வரும்வரை எந்த முகவரோடும் எழுத்தில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி, ஐந்து ஆண்டு. தங்கச்சி, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். ஐந்து ஆண்டு என்பது நிறுவனம் வேலையைத் தொடங்குவதற்கு வைத்திருக்கும் தவணை. அதற்குள் தோண்டி வாயு எடுத்துவிட்டால், வாயு வரும் காலமெல்லாம் குத்தகை தொடரும். இருபது ஆண்டு, முப்பது ஆண்டு என்றாலும் தொடரும். ஒற்றிக்குக் கொடுத்த காணியென்றால் பணத்தைக் கட்டி மீட்டுவிடலாம். இதை மீட்க உங்களுக்கு வழியே கிடையாது. வாயு எடுக்காமல் கிணற்றை மூடி வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை அனுப்பியே குத்தகையை உயிரோடு வைத்திருக்கும் பிரிவும் படிவத்தில் இருக்கும். அந்த மூடிவைப்புக்கு இரண்டு ஆண்டு என்று எல்லை போடச் சொல்லுங்கள். ‘விரும்பினால் மேலும் ஐந்து ஆண்டு நீட்டலாம்’ என்ற வரி இருந்தால், விரும்புவது யார் என்று பாருங்கள். நிறுவனம் மட்டுந்தான். அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். உங்கள் 40 ஏக்கரில் 5 ஏக்கரை மட்டும் ஒரு கிணற்றின் பங்குப் பரப்புக்குள், அதாவது அதன் வருமானத்தைப் பங்கிடும் நிலத்தொகுதிக்குள், சேர்த்துவிட்டு, மிச்சம் 35 ஏக்கரையும் அதே குத்தகையில் கட்டிவைப்பதும் நடக்கும். சேர்க்காத பகுதி தவணை முடிந்ததும் விடுபடும் என்று ஒரு பிரிவு எழுதுவிக்கலாம். முகவர்கள் அதைத் தாமாகச் சொல்வதில்லை. கேட்டால் பெரும்பாலும் தருவார்கள்.

பணத்துக்கு வருவோம். எட்டில் ஒரு பங்கு என்பதைச் சலுகையாகச் சொல்லியிருப்பார்கள். அது 1979ஆம் ஆண்டுச் சட்டம் போட்ட ஆகக் குறைந்த அளவு. அதற்குக் கீழே எழுதினால் குத்தகையே செல்லாது. பொறுத்துப் பேசியவர்கள் ஐந்தில் ஒன்றும் வாங்கியிருக்கிறார்கள். கணக்கு இப்படி: ஒரு கிணற்றுத் தொகுதிக்கு 640 ஏக்கர் சேர்த்தார்கள் என்றால் உங்கள் 40 ஏக்கர் பதினாறில் ஒரு பங்கு. அதில் எட்டில் ஒன்று, 128இல் ஒன்று. ஒரு மாதம் 5 இலட்சம் டொலருக்கு வாயு விற்றால் உங்களுக்கு 3,906 டொலர். ஐந்தில் ஒன்று என்றால் 6,250. இது தொடக்கத்தில் மட்டும். களிப்பாறைக் கிணற்றின் வரத்து முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேல் விழுந்துவிடும். விலையும் அப்படித்தான். பத்து இலட்சம் வெப்ப அலகு வாயு 2008 நடுப்பகுதியில் 12 டொலரைத் தாண்டி விற்றது. 2012 ஏப்ரலில் 2 டொலருக்கும் கீழே போனது. 2008இன் விலையை நம்பிப் புதுக் களஞ்சியமும் உழவு இயந்திரமும் கடனுக்கு வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

அதற்கும் மேலே கழிவு. ஒரு முதிய விதவை தன் பங்குப் பணத்துக்கான மாதக் கணக்குச் சீட்டை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். முதல் வரியில் அவருடைய பங்குத் தொகை. அடுத்து வாயுவைத் திரட்டிய செலவு, அமுக்கிய செலவு, நீரகற்றிய செலவு, குழாயில் அனுப்பிய செலவு என்று ஒவ்வொன்றும் கழிக்கப்பட்டு, கடைசி வரியில் மிஞ்சியது ஏறக்குறையப் பாதி. எட்டில் ஒன்று என்று சட்டம் சொல்லும்போது இது எப்படி என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2010இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்தக் கழிவுகளை அனுமதித்துவிட்டது. எட்டில் ஒன்றைக் கிணற்றடிப் பெறுமதியில், அதாவது விற்ற விலையில் அந்தச் செலவுகளைக் கழித்த பெறுமதியில், கணக்கிடலாம் என்றது. 2013ஆம் ஆண்டுச் சட்டம் சீட்டில் கழிவுகளை விவரமாகக் காட்ட வைத்ததே தவிர, கழிப்பதைத் தடுக்கவில்லை. ஆகவே ‘எந்தக் கழிவும் இன்றி’ என்பது உங்கள் குத்தகையிலேயே எழுதியிருக்க வேண்டும். முற்பணத்தைவிட இந்த ஒரு வரிக்காகப் போராடுங்கள். ஏக்கருக்கு 200 டொலர் குறைத்துக்கொண்டாவது இதை வாங்குங்கள் என்பது என் கருத்து.

முற்பணத்துக்கும் ஒரு சொல். காசோலை தருவதாகச் சொல்லி, உரித்தைச் சரிபார்த்த பின், 60 அல்லது 90 நாள் கழித்துச் செல்லுபடியாகும் சீட்டைத் தருவார்கள். விலை விழுந்த காலத்தில் அப்படிப்பட்ட சீட்டுகள் பணமாகாமல் திரும்பியதுண்டு. நிலமோ அதற்குள் பதிவாகிக் கட்டுப்பட்டிருந்தது. பணம் வங்கியில் விழுந்த பின்பே குத்தகை பதியப்படும் என்று எழுதுவியுங்கள்.

அப்பிள் மரங்கள். நீங்கள் கடைசியாகக் கேட்டதை நான் முதலாவதாக வைப்பேன். ஒரு கிணற்று மேடைக்குச் சில ஏக்கர் நிலத்தை வழித்துச் சரளைக்கல் கொட்டுவார்கள். ஒரு கிணற்றின் அடியில் தண்ணீரை அழுத்திச் செலுத்திப் பாறையை உடைத்துத்தான் வாயுவை எடுப்பார்கள், அதற்குப் பல இலட்சம் கலன் தண்ணீர் வேண்டும். லொறிகள் இரவு பகலாக ஓடும். ஆனால் துளை கீழே போய்ப் பக்கவாட்டில் ஒரு மைலுக்கு மேல் திரும்புவதால், மேடை உங்கள் காணியில் இருந்தே ஆக வேண்டிய தேவை இல்லை. ‘மேல்நிலத்தில் கால் வைக்கக் கூடாது’ என்ற பிரிவோடு குத்தகை கொடுக்கலாம், பலர் கொடுத்திருக்கிறார்கள். பாதை, குழாய், தண்ணீர்க் குளம், அமுக்கி நிலையம், கழிவு நீரை உட்செலுத்துதல், வாயுவைச் சேமித்தல் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். பொதுவாக எழுதினால் அவற்றில் ஒன்று உள்ளே வந்துவிடும்.

தண்ணீர் விடயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அண்ணரின் வீட்டில் கிணற்றுத் தண்ணீர்தான் இருந்திருக்கும். பக்கத்துக் கவுண்டியில் டிமொக் என்ற ஊரில், 2009 புத்தாண்டு நாளன்று ஒரு வீட்டுக் கிணறு, மீதேன் தேங்கி, மேலே மூடியிருந்த கொங்கிறீற்றுத் தட்டோடு வெடித்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் வழக்கும் விசாரணையும். ‘எங்கள் வேலைக்கு முன்பே தண்ணீரில் வாயு இருந்தது’ என்பதே அங்கே எதிர்த்தரப்பின் வாதமாக இருந்தது. 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, கிணற்றுத் துளையிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்து 12 மாதத்துக்குள் குடிநீர் கெட்டால் நிறுவனமே காரணம் என்று கொள்ளப்படும். முன்பே கெட்டிருந்ததை நிரூபித்து அவர்கள் அதிலிருந்து தப்பலாம். ஆகவே துளையிடுமுன் நீங்களே செலவழித்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தின் ஆளே நேரில் வந்து நீர் எடுத்துச் சோதித்த அறிக்கையை வைத்திருங்கள். மீதேன், குளோரைட்டு, பேரியம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, முன்னர் தண்ணீர் எப்படி இருந்தது என்று காட்ட எத்தனை வீட்டாரிடம் ஒரு துண்டுக் கடதாசி இருந்தது? எங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மச்சானுக்கு அற்றோர்ணித் தத்துவம் கொடுக்க வேண்டாம். அவர் நல்லவராக இருக்கலாம். ஆனால் முழுத் தத்துவத்தை வைத்திருப்பவர் காணியையே விற்கலாம், நீங்கள் அறியுமுன்பே அது முடிந்துவிடலாம். தூரத்திலிருந்து செய்ய முடியாத ஒரு காரியம் இருந்தால், அந்தக் காரியத்தை மட்டும் குறிப்பிட்டு, முடிவுத் திகதி போட்டு, உங்கள் சட்டத்தரணிக்குக் கொடுங்கள். குத்தகையில் நீங்களே கையெழுத்து வைக்கலாம். கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நாள் எடுத்துக்கொண்டு போனால் அத்தாட்சிப்படுத்தித் தருவார்கள். அந்நாட்டில் வசிக்காத வெளிநாட்டவருக்குப் போகும் பங்குப் பணத்தில் 30 சதவீதத்தை மூலத்திலேயே பிடிப்பார்கள். செலவைக் கழித்து மிஞ்சியதற்கு மட்டும் வரி கட்டும் தெரிவும் சட்டத்தில் உண்டு. கணக்காளரிடம் அதைக் குறிப்பாகக் கேளுங்கள்.

‘எல்லோரும் வைத்துவிட்டார்கள்’ என்பது உண்மையானால் அது உங்களுக்கு நல்லது. நடுவில் உங்கள் 40 ஏக்கர் விடுபட்டால் அவர்களின் துளைக்கோடு முறியும். மார்செல்லஸ் படையைப் பொறுத்தவரை, மறுக்கும் உரிமையாளரைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க அந்த மாநிலத்தில் சட்டம் இல்லை. 1961ஆம் ஆண்டுச் சட்டம் அதைவிட ஆழமான படைகளுக்கே உரியது. மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அயல்காணியில் உடைத்த பாறை வழியாக உங்கள் பக்கத்து வாயு அங்கே வடிந்து போனால், அவர்களுடைய துளையோ திரவமோ உங்கள் எல்லைக்குள் வராதவரை, நட்டஈடு கேட்க முடியாது என்று 2020இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே ஒரேயடியாக மறுத்துவிட்டு இருப்பதும் புத்தியல்ல. நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேல்நிலத்தைத் தொடாமை, கழிவின்மை, நீட்சியின்மை, சேர்க்காத நிலம் விடுபடல் என்ற நான்கையும் கேட்பேன். நான்கும் வந்தால் கையெழுத்து வைப்பேன். ஒன்று குறைந்தாலும் வைக்க மாட்டேன்.

*

கேள்வி: மன்னார்ப் பக்கம் பெரிய எரிவாயு வளம் இருப்பதாகவும், பேசாலையில் இப்போதே காணி வாங்கிப் போட்டால் பிறகு நிறுவனங்கள் அமெரிக்கா போலக் குத்தகை தரும் என்றும் ஒரு தரகர் சொல்கிறார். நம்பலாமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: நம்ப வேண்டாம், தம்பி. மன்னார்க் குடாவில் 2011இல் டொராடோ, பராக்குடா என்ற இரண்டு துளைகளில் வாயு கண்டார்கள் என்பது உண்மை. அவை ஆழ்கடலில் இருக்கின்றன. கண்டுபிடித்த நிறுவனமும் 2015இல் விலகிவிட்டது. பேசாலையில் 1970களில் தரையிலும் துளையிட்டுப் பார்த்தார்கள். வணிகத்துக்கு உதவும் அளவு எதுவும் வரவில்லை.

அதைவிடப் பெரிய காரணம் சட்டம். இலங்கையில் நிலத்துக்குக் கீழே உள்ள பெற்றோலியமும் வாயுவும் அரசுக்கே உரியவை. இப்போது நடைமுறையில் இருப்பது 2021ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். ஏனைய கனிமங்களுக்கு 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம், அதுவும் அப்படியே. உங்கள் உறுதியில் எத்தனை தலைமுறை முதுசம் என்று எழுதியிருந்தாலும், கீழே வாயு இருந்தால் அதில் எட்டில் ஒன்றும் இல்லை, எண்பதில் ஒன்றும் இல்லை. மேல்நிலத்தை எடுத்தால் அதற்கான இழப்பீடு மட்டுமே பேசலாம். பேசாலையில் வீடு கட்டக் காணி வேண்டுமென்றால் வாங்குங்கள். வாயுவுக்காக ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

*

கேள்வி: தமிழ்நாட்டின் நெடுவாசலில் 2017இல் எரிவாயுத் திட்டத்தை விவசாயிகள் எதிர்த்தது போல எல்லா இடத்திலும் எதிர்த்துக்கொண்டிருந்தால் கடனில் மூழ்கிய ஏழை விவசாயிக்கு யார் பணம் தருவார்கள்? அமெரிக்க விவசாயிகள் இந்தக் குத்தகைகளால்தானே தப்பினார்கள்?
– ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: தப்பினார்கள், ஐயா. அதை நான் மறுக்க மாட்டேன். 2009இல் பால் விலை படுத்துவிட்டது. ஒரு கறவைப் பண்ணை அந்த ஆண்டில் மட்டும் எவ்வளவு கடன்பட்டது என்பதை ஈட்டுப் பதிவுகளில் என் கண்ணாலேயே பார்த்தேன். அதே பண்ணையின் ஈடு, வாயு முற்பணம் வந்த மாதத்தில் முழுதாகத் தீர்க்கப்பட்டுப் பதியப்பட்டதையும் பார்த்தேன். மகன் நகரத்துக்கு வேலை தேடிப் போகாமல் பண்ணையிலேயே நின்றான். எல்லைக்கு அப்பால் நியூ யோர்க் மாநிலத்தில், அதே பாறைக்கு மேல் காணி வைத்திருந்தவர்களுக்கு அந்த வாய்ப்பே வரவில்லை. அந்த மாநிலம் 2014 டிசம்பரில் பாறை உடைப்பைத் தடைசெய்வதாக அறிவித்தது. அவர்களில் சிலருக்கு இன்றும் கோபம் இருக்கிறது. வேறு சிலர் தங்கள் கிணற்றைக் காட்டி நிம்மதி என்கிறார்கள்.

ஆனால் நெடுவாசலை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே பங்கு பேச விவசாயிக்கு உரித்தே இல்லை. அனுமதி கொடுப்பதும் பங்கு வாங்குவதும் அரசு. விவசாயிக்கு மேல்நிலத்துக் குத்தகைப் பணம் மட்டும், தண்ணீர் கெட்டால் கேடு முழுவதும். பென்சில்வேனியாக்காரர் ‘மாட்டேன்’ என்று ஒரு கையெழுத்தை மறுக்கலாம். நெடுவாசல்காரருக்கு அந்தக் கையெழுத்துக் கூட இருக்கவில்லை. ஆகவே தெருவில் இருந்தார்கள். நான் அங்கே பிறந்திருந்தால் நானும் இருந்திருப்பேன்.

*

கேள்வி: புத்தூர்ப் பக்கம் எனக்கு ஆறு பரப்புத் தரைக்காணி இருக்கிறது. கல் நிலம், பயிருக்கு உதவாது. ஒருவர் வந்து சுண்ணக்கல் அகழக் கேட்கிறார். லொறி லோட்டுக்கு இவ்வளவு என்று பணம், இரண்டு ஆண்டில் மண் போட்டு மட்டமாக்கித் தருவாராம். வெற்றுத்தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தால் போதும் என்கிறார். எனக்கு வயது எழுபத்தைந்து. மருந்துச் செலவுக்கு உதவும்.
– வாசகர், புத்தூர்

பதில்: ஐயா, உங்கள் தேவை எனக்கு விளங்குகிறது. இருந்தாலும் வேண்டாம் என்றே சொல்கிறேன், காரணத்தோடு.

அவரிடம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கல் அரசின் கனிமம். அகழவும் அனுமதி வேண்டும், ஏற்றிச் செல்லவும் அனுமதி வேண்டும். வெற்றுத்தாளில் உங்களிடம் எழுதி வாங்குவது, பொலிசார் லொறியைப் பிடிக்கும் நாளில் ‘காணிக்காரர்தான் அகழச் சொன்னார்’ என்று காட்டுவதற்கு உதவும். வழக்கு உங்கள் பெயருக்கு வரும்.

இரண்டாவது, தண்ணீர். யாழ்ப்பாணத்துக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரியில் பெய்த மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கீழே கிடக்கும் உப்பு நீருக்கு மேல் நன்னீராக நிற்கிறது. அந்தப் படைதான் எங்கள் கிணறு, தோட்டம், குடிநீர் எல்லாம். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே நிலாவரைக் கிணறு இருக்கிறது. மேலே நன்னீர், கீழே போகப் போக உப்பு. கல்லை வெட்டி எடுத்தால், மழை வடிந்து இறங்க வேண்டிய வடிகட்டி போய், நிலத்தடி நீர் வெளிவெயிலில் திறந்து கிடக்கும். அந்தக் கிடங்குக்குள் அயலார் குப்பை கொட்டுவார்கள், கழிவெண்ணெய் ஊற்றுவார்கள். அது நேரே பங்குக் கிணற்றுக்குப் போகும். ‘மண் போட்டு மட்டமாக்குவேன்’ என்ற வாக்குறுதியை நான் பல ஒப்பந்தங்களில் படித்திருக்கிறேன். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்காக 1950களிலிருந்து தோண்டிய கிடங்குகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன. ஆறு பரப்புக்கு மண் போட ஒருவர் வருவார் என்று நான் நம்பவில்லை.

பணத்துக்கு வேறு வழி பாருங்கள். கல் நிலமென்றாலும் புத்தூரில் வீதியோரக் காணிக்குக் கேள்வி இருக்கிறது. ஒரு பரப்பை விற்க விரும்பினால், வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கு முதலில் அறிவிக்க வேண்டிய கடமை தேசவழமையின் முன்னீட்டுச் சட்டப்படி உங்களுக்கு உண்டா என்பதை உங்கள் உறுதியைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உறுதியின் பிரதியை இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். மூல உறுதியை அனுப்ப வேண்டாம். அந்த மனிதர் மறுபடி வந்தால் வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏற்கெனவே வைத்துக் கொடுத்திருந்தால் இன்றே கிராம அலுவலரிடம் எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியில் அவருடைய முத்திரையை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.